வயிரம் பாய்ந்தவர்

உடலுரமும் குன்றாப் பற்றும் உடைய பெரியோரை ‘வயிரம் பாய்ந்தவர்’ என்கின்றோம். இவ்வயிரம் மணியன்று, மரத்தின் நடுவே இறுகிய பகுதி. பண்டைத் தமிழ் அதனைக் ‘காழ்’ என்றது. புறத்தே காழுடையவற்றைப் புல்லென்றும், அகத்தே காழுடையவற்றை மரமென்றும் பகுக்கின்றது தொல்காப்பிய மரபியல். காழற்றது வெளிறு, அறியாமையையும் அச்சொல்லாலேயே குறித்தார் வள்ளுவர் (குறள் 503). கொடைக்கானலை அடுத்த வில்பட்டி போன்ற மலையூர்களில் முதுமரம் ஒன்றை அறுத்து நோக்கின் இரண்டும் ஒருங்கே தோன்றும்: புறத்தே வெளிறு, அகத்தே வயிரம். அவ்வயிரம் ஒருநாளில் பாய்வதன்று. ஆண்டு பலவாக உள்ளே முற்றுவது.

பகைமையைக் குறிக்கும் ‘வயிரம்’ வடமொழிவழி வந்த வேறு சொல். ‘வயிரம் பாய்ந்தவர்’ என்பது புகழ்; ‘வயிரம் கொண்டவர்’ என்பது பழி. வினைச்சொல் ஒன்றே இரண்டையும் பிரிக்கின்றது. தம்மவர்பாற் கொண்ட பற்று பிறர்பாற் பகையாகத் திரியாது காப்பவரையே முன்னைய சொல்லால் நாம் போற்றுதல் தகும்.