கணினி கெட்டுப்போகவில்லை, பெரியப்பா!

தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருக்கும். காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு வெளியே வந்தபோது செந்தூலிலிருந்து பெரியப்பா அழைத்தார். "கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சும்மா. வைரஸாம். கடையில கேட்டேன், புதுசு வாங்கிடுங்கன்னு சொல்றாங்க."

பெரியப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தண்ணீர்ப் பந்தல் அறிவிப்பு, நன்கொடைப் பட்டியல் எல்லாம் அவர் கணினியில்தான் தயாராகும். போய்ப் பார்த்தேன். திரையின் வலது மூலையில் வைரஸ் எச்சரிக்கைப் பெட்டி ஒன்று. மூடினால் அடுத்தது வந்து நிற்கிறது. பக்கத்துச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் ஒரு தொலைபேசி எண்ணை எழுதி வைத்திருந்தார். "அந்தப் பெட்டியில வந்த நம்பர்தாம்மா. சாயங்காலம் பேசலாம்னு இருந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த எண்ணுக்கு அழைத்தால் மறுமுனையில் இருப்பவர் மிக மரியாதையாகப் பேசுவார். தொலைவிலிருந்தே கணினியை இயக்கும் மென்பொருள் ஒன்றை நிறுவச் சொல்வார். அடுத்துக் கேட்பது வங்கிக் கணக்கைத்தான். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருக்கவே இருக்காது. இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

பெரியப்பாவின் கணினியில் இருந்தது வைரஸ் இல்லை. இலவசமாகத் தொடர் பார்க்கப் போன ஏதோ ஒரு தளம் 'அலோ' என்ற பொத்தானைக் காட்டியிருக்கிறது. இவரும் அழுத்திவிட்டார். அன்றிலிருந்து அந்தத் தளம் நினைத்தபோதெல்லாம் பெட்டி அனுப்புகிறது. குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர்களை நீக்கிவிட்டு, இனி எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்ற தேர்வையும் போட்டுவிடலாம். இரண்டு நிமிட வேலை. யாராவது ஏற்கெனவே ஏமாந்து பணம் போய்விட்டிருந்தால், தாமதிக்காமல் வங்கிக்கும் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணுக்கும் அழையுங்கள்.

அடுத்த புகார் எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. "மின்னஞ்சல் பாஸ்வேர்டை யாரோ மாத்திட்டாங்க." யாரும் மாற்றவில்லை. விசைப்பலகை தமிழில் இருந்தது. தட்டியதெல்லாம் தமிழ் எழுத்தாகப் போக, திரையில் வெறும் புள்ளிகள்தானே தெரியும்! ஆல்ட்டும் ஷிஃப்டும் தற்செயலாகச் சேர்ந்து அழுந்தினாலே மொழி மாறிவிடும். கடிகாரத்துக்குப் பக்கத்தில் எந்த மொழி என்று சிறிய எழுத்தில் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரை அழுத்தினால் மொழி மாறும். டைம் அண்ட் லேங்குவேஜ், டைப்பிங், அட்வான்ஸ்டு கீபோர்ட் செட்டிங்ஸ் போனால் ஒவ்வொரு சாளரத்துக்கும் தனி மொழி வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. அறிவிப்பைத் தமிழிலும் மின்னஞ்சலை ஆங்கிலத்திலும் எழுதுகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

தமிழ் விசைப்பலகைக்காக இப்போது தனி மென்பொருள் தேடி அலைய வேண்டியதும் இல்லை. மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, அஞ்சல் இரண்டுமே விண்டோஸுக்குள் இருக்கின்றன. 1985இல் நம் நாட்டு முத்து நெடுமாறன் தொடங்கிய முரசு மென்பொருளின் வழி வந்ததுதான் அஞ்சல் முறை. பெரியப்பாவிடம் சொன்னபோது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இன்னொரு நாள், பாதி தட்டிய நன்கொடைப் பட்டியலோடு கணினி தானாக அணைந்து எழுந்ததாம். புதுப்பிப்பு வேலை. விண்டோஸ் அப்டேட்டில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் உள்ளே 'ஆக்டிவ் அவர்ஸ்' இருக்கிறது. நாம் வேலை செய்யும் நேரத்தை 18 மணி நேரம் வரை குறித்து வைக்கலாம். அந்த நேரத்தில் அது தானாக மறுதொடக்கம் செய்யாது. புதுப்பிப்பையே ஒரேயடியாக நிறுத்திவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவது மாதிரி, வேண்டாம்.

காலையில் கணினி எழுந்திருக்கக் கோப்பி குடித்து முடிக்கும் நேரம் ஆகிறதா? கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, ஸ்டார்ட்அப் பகுதியில் தேவையற்றவற்றை டிசேபிள் செய்யுங்கள். எதுவும் அழியாது, தானாகத் தொடங்காது, அவ்வளவுதான். பெரியப்பாவின் கணினியில் அப்படிப் பதினொன்று இருந்தன. அதில் மூன்று, பேரன் எப்போதோ நிறுவிய விளையாட்டுகள்.

கடைக்காரர் சொன்னதிலும் ஒரு நியாயம் உண்டு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கணினி ஓடும், ஆனால் பாதுகாப்புப் புதுப்பிப்பு வராது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலி வேண்டும். பெரியப்பாவுடையது அதைவிடப் பழையது. எனவே விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்து கொடுத்தேன். 2026 அக்டோபர் 13 வரை தாங்கும். வாங்குவதைப் பற்றி அதற்குள் நிதானமாக யோசிக்கலாம், யாரும் அவசரப்படுத்தாமல்.

கிளம்பும்போது, "பிரிண்டரும் வேலை செய்யலம்மா, அதுக்கு எங்க போய் அழுத்தணும்?" என்றார். எல்லா செட்டிங்ஸையும் அரை மணி நேரம் அலசிவிட்டு, கடைசியில் மூடியைத் திறந்து பார்த்தேன். மை தீர்ந்திருந்தது.