உங்களுக்குத் தெரியுமா? சைக்கிள் பந்தயத்தில் ரயில் ஏறியவர்கள்!

சென்னையிலிருந்து திண்டிவனம், விழுப்புரம், திருச்சி வழியாக மதுரைக்கு ஏறக்குறைய 460 கி.மீ. பேருந்தில் போனாலே இடுப்பு வலிக்கும். 1904-இல் நடந்த இரண்டாவது டூர் த பிரான்ஸ் பந்தயத்தின் முதல் கட்டம் மட்டுமே (பாரீஸ்–லியோன்) 467 கி.மீ. அதையும் பெரும்பகுதி இரவில் ஓட்டினார்கள்.

இருட்டில் கண்காணிக்க ஆள் ஏது? சிலர் காரில் தொற்றிக்கொண்டார்கள். சிலர் ரயிலேறி விட்டதாகப் புகார். ரசிகர்களும் சளைக்கவில்லை. சாலையில் ஆணிகளை இறைத்தார்கள். செயிண்ட் எத்தியென் அருகே, தங்கள் ஊர் வீரர் முந்த வேண்டும் என்று மற்றவர்களை ஒரு கும்பல் அடித்தே விட்டது. பந்தயம் முடிந்து நான்கு மாதம் கழித்து, முதலில் வந்த மோரிஸ் கரேன் உட்பட நால்வரின் இடமும் பறிபோனது. ஐந்தாவதாக வந்த 19 வயது ஆன்ரி கார்னே சாம்பியன் ஆனார். அவரைவிட இளையவர் எவரும் இன்றுவரை வென்றதில்லை.

சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் கதை ஊரறிந்தது: ஊக்கமருந்து, 2012-இல் 7 டூர் த பிரான்ஸ் பட்டங்களும் போயின. அந்த 7 ஆண்டுகளுக்கும் வெற்றியாளர் என்று யாருமே இல்லை. 2016-இல் பெல்ஜியத்தில் நடந்த சைக்ளோகிராஸ் (கரடுமுரடான பாதையில் ஓட்டும் பந்தயம்) உலகப் போட்டியிலோ, ஒரு வீராங்கனையின் சைக்கிளுக்குள் மோட்டாரே ஒளிந்திருந்தது!

சென்னையில் நடக்கும் ‘பிரெவே’ நெடுந்தூர ஓட்டங்களில் முதலிடம், பரிசு எதுவும் கிடையாது. 200 கி.மீ.-ஐ 13½ மணி நேரத்துக்குள் முடித்தால் போதும். ஆனாலும் குறுக்குவழியில் போகிறவர்களைப் பிடிக்க, முன்கூட்டிச் சொல்லாத ரகசியச் சோதனைச் சாவடி வைக்க அதன் விதிகளில் இடமுண்டு.