உடுக்கும் மின்கிற்றாரும்: எல்லையை வகுப்பவர் யார்?

அம்மன் சடங்கில் உடுக்கொலி உச்சமடைய, தெய்வமாடுவோர் உருக்கொண்டு ஆடுவதை மட்டக்களப்பு வாசகர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. அந்த உடுக்கை மின்கிற்றாரின் அருகே மேடையேற்றலாமா என்று சிட்னியிலும் மெல்பேர்ணிலும் வளரும் எம் பிள்ளைகள் கேட்கின்றனர். தெய்வக்குற்றம் என்கின்றனர் பெரியோர்.

இவ்வினா எமக்கு மட்டும் உரியதன்று. சகாராவைக் கடந்து மொறொக்கோவுக்கு அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட மேற்கு ஆபிரிக்கரின் வழிவந்த க்னாவா கலைஞர்கள், மூன்று நரம்புக் கிம்பிரியையும் இரும்புத் தாளங்களையும் இசைத்து இரவு முழுவதும் ஆவிகளை அழைப்பர். எஸ்ஸவீரா நகரில் 1998இல் தொடங்கிய விழாவிலோ அதே கிம்பிரி ஜாஸ், றொக் கலைஞர்களுடன் சேர்ந்து ஒலிக்கிறது.

ஆயினும் எமக்கு நெருங்கிய பாடம் இம்மண்ணிலேயே உள்ளது. ஆர்ன்ஹெம் லாண்ட் பகுதியின் யிர்க்கலாவைச் சேர்ந்த யோல்ங்கு மக்களும் வெள்ளையரும் இணைந்து 1986இல் அமைத்த குழு யோத்து யிண்டி. ‘பிள்ளையும் தாயும்’ என்பது பெயரின் பொருள். மூதாதைத் தெய்வங்கள் அருளியவை எனக் கருதப்படும் மணிகே பாடல்களை, தாளக்கோல்களும் யிடாக்கி எனும் ஊதுகுழலும் ஒலிக்க, மின்கிற்றாருடன் அவர்கள் பாடினர். இது உருவேறும் இசையன்று, எனினும் சடங்கிசையே.

1988 ஜூனில், பறுங்கா விழாவில், பூர்வீகக் குடிகளுடன் உடன்படிக்கை செய்வதாகப் பிரதமர் பொப் ஹோக் வாக்களித்தார். அவ்வாக்கு நிறைவேறவில்லை. அதன் விளைவே 1991இல் வெளிவந்த ‘ட்ரீட்டி’ எனும் பாடல். பாடகர் மந்தாவுய் யுனுபிங்கு யிர்க்கலாப் பாடசாலையின் அதிபராகவும் இருந்தவர். பாடலின் தாய்மொழிப் பகுதிக்கு அவர்கள் எடுத்தாண்டது புனித மணிகேயை அன்று; இளைஞர் பொழுதுபோக்காகப் பாடிய ஜட்பங்காரி எனும் பாணியையே. எதை வெளியே கொணரலாம், எதைக் கொணரலாகாது என்ற வேறுபாட்டை அறிந்தே அவர்கள் மேடையேறினர் என்பதை எம் இளைஞர் மனங்கொள்ளல் வேண்டும்.

அடுத்து நிகழ்ந்தது விசித்திரமானது. மெல்பேர்ண் இசைக்கலப்பாளர்கள், ஆங்கில வரிகளிற் பெரும்பகுதியை நீக்கி நடனப் பாடலாக அதனை மாற்றினர். அவ்வடிவமே தேசிய விற்பனைப் பட்டியலில் 11ஆம் இடம்வரை சென்றது. வாக்குறுதி மீறலைக் கண்டித்த பாடலுக்கு, கண்டனத்தைக் குறைத்த பின்னரே நடன மண்டபங்கள் திறந்தன. யோல்ங்கு மொழி மட்டும் அங்கும் நிலைத்தது. இதனை இழப்பென்பதா, வெற்றியென்பதா? நாம் இரண்டுமென்றே கருதுகிறோம்.

யுனுபிங்கு 2013இல் சிறுநீரக நோயால் மறைந்தார், வயது 56. நாடளாவிய உடன்படிக்கை இன்னும் இல்லை. எமக்கு வதிவிட அனுமதி வழங்கிய அரசு, இம்மண்ணின் உரிமையாளரோடு ஒப்பமிடாத அரசென்பதை நாமும் மறந்துவிடுகிறோம்.

அக்குழுவினரின் அடுத்த தலைமுறையினர் ‘கிங் ஸ்ரிங்ரே’ என்ற பெயரில் 2022இல் இசைத்தட்டு வெளியிட்டனர். அதிலும் யோல்ங்கு மொழி ஒலிக்கிறது. எம் உடுக்கைப் பற்றியோ இரு தரப்பாரும் வாதிடுகின்றனர். ஊர்க்கோயிற் கட்டாடியாருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துக் கேட்டவர் எவரையும் நாம் இதுவரை சந்திக்கவில்லை.