துணி வியாபாரியும் பாரிஸ் குதிரைப் பந்தயமும்

நமது சங்க இதழில் குதிரைப் பந்தயத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்பீர்கள். நான் பந்தயம் கட்டுகிறவன் அல்லன். யாரையும் கட்டச் சொல்லவும் மாட்டேன். ஜவுளி மொத்த வியாபாரத்தில் நாற்பது ஆண்டுகளைக் கழித்தவன். பிரான்ஸ் நாட்டு ஜவுளிக்காரர் ஒருவரைப் பற்றிப் படிக்கப் போய், அவர் வழியாக இந்தப் பந்தயத்துக்கு வந்து சேர்ந்தேன். பணம் எந்த வழியாக வந்தது, எந்த வழியாகப் போனது என்று பார்ப்பதுதானே நம் பழக்கம்! அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்தப் பந்தயத்தின் வரலாறு சுவையாகவே இருக்கிறது.

பந்தயத்தின் பெயர் 'பிரீ த லார்க் த திரியோம்ஃப்'. வாயில் நுழையாத பெயர் என்பதால் ஆங்கிலேயரே 'ஆர்க்' என்று சுருக்கிவிட்டார்கள். நாமும் அப்படியே சொல்வோம். அக்டோபர் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, பாரிஸ் நகரின் மேற்கு ஓரத்தில் உள்ள லாங்ஷாம் மைதானத்தில் நடப்பது. தூரம் 2400 மீட்டர். தடை தாண்டுவதெல்லாம் கிடையாது. புல்தரையில் நேர் ஓட்டம். மூன்று வயதுக் குதிரைகளும் அதற்கு மூத்தவையும் சேர்ந்து ஓடும். இளையதற்கு முதுகில் சுமை குறைவு. பெண் குதிரைக்கு மேலும் ஒன்றரைக் கிலோ சலுகை உண்டு. பாதையில் முதலில் ஒரு மேடு, பிறகு இறக்கம். அதன்பின் நேர்ப்பாதைபோலத் தோன்றும் ஒரு துண்டு வரும். கடைசி ஓட்டம் வந்துவிட்டது என்று நினைத்து அங்கேயே குதிரையை விரட்டியவர்கள், உண்மையான நேர்ப்பாதை வரும்போது மூச்சு வாங்கிப் பின்தங்கிப் போவார்கள். முதல் முழுவதையும் ஆடி மாதத்திலேயே சரக்கில் போட்டுவிட்டுத் தீபாவளிக்குக் கையைப் பிசைகிறவர்களை நாம் பார்த்ததில்லையா?

லாங்ஷாம் மைதானம் 1857ல் திறக்கப்பட்டது. அங்கே 1863ல் 'கிராண்ட் பிரீ த பாரிஸ்' என்ற பந்தயம் தொடங்கியது. அதன் பரிசு ஒரு லட்சம் பிராங்க். அதில் பாதியைப் பாரிஸ் நகராட்சி கொடுத்தது. மறு பாதியை ஐந்து பெரிய ரயில்வே கம்பெனிகள் பங்கு போட்டுக் கொடுத்தன. ரயில்வேக்காரர்கள் சும்மா கொடுத்திருக்க மாட்டார்கள், டிக்கெட் வசூலை மனத்தில் வைத்துத்தான் கொடுத்திருப்பார்கள் என்பது என் கணிப்பு. முதல் ஆண்டுப் பரிசை இங்கிலாந்துக் குதிரை தட்டிக்கொண்டு போயிற்று. 1865ல் 'கிளாடியேட்டர்' என்ற பிரெஞ்சுக் குதிரை இங்கிலாந்துக்கே போய் அங்குள்ள மூன்று பெரும் பந்தயங்களையும் ஜெயித்தது. வாட்டர்லூ தோல்விக்குப் பழிதீர்த்த குதிரை என்று பிரெஞ்சு மக்கள் கொண்டாடி, மைதான வாசலில் அதற்குச் சிலையும் வைத்தார்கள்.

பரிசுப் பணம் ஆண்டுதோறும் எங்கிருந்து வரும்? இதற்கு வழி காட்டியவர் ஜோசப் ஓலர். 1867ல் பாரிஸில் அவர் புது மாதிரிப் பந்தய முறை ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்கு முன் பந்தயம் கட்டுகிறவர் புக்கியோடுதான் மோத வேண்டும். இவர் ஜெயித்தால் அவருக்கு நஷ்டம், அவர் ஜெயித்தால் இவருக்கு நஷ்டம். ஓலர் முறையில் எல்லோரும் கட்டும் பணம் ஒரே குவியலாகச் சேரும். நூறு பேர் ஆளுக்குப் பத்து ரூபாய் கட்டினால் குவியல் ஆயிரம் ரூபாய். அதில் நடத்துகிறவர் நூறு ரூபாயைக் கழிவாக எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 900 ரூபாயை, ஜெயித்த குதிரையின்மேல் கட்டிய இருபது பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 45 ரூபாய். எந்தக் குதிரை ஜெயித்தாலும் நடத்துகிறவருக்கு அந்த நூறு ரூபாய் நிச்சயம். சரக்கு ஏறினாலும் இறங்கினாலும் தரகருக்குத் தரகு கிடைப்பதுபோலத்தான்! 1891ல் பிரெஞ்சு அரசு சட்டம் போட்டு, மைதானங்களில் இந்த முறையை மட்டும் அனுமதித்தது. பந்தயச் சங்கங்களுக்கு நிரந்தர வருமானம் பிறந்தது. கிண்டி மைதானத்தில் 'டோட்' என்று சொன்னார்களே, அது இந்த முறையின் வழியில் வந்ததுதான்.

முதல் உலகப் போரில் பிரான்சில் பந்தயங்கள் நின்றுபோயின. 1919 ஜூலை 14 அன்று வெற்றி ஊர்வலம் பாரிஸ் வெற்றி வளைவின் கீழே சென்றது. அந்த வளைவின் பெயரையே வைத்து, எல்லா நாட்டுக் குதிரைகளுக்கும் திறந்துவிட்ட பெரும் பந்தயமாக 1920 அக்டோபர் 3 அன்று ஆர்க் முதன்முதலாக ஓடியது. ஜெயித்தது 'காம்ரேட்' என்ற குதிரை. அது குட்டியாக ஏலத்துக்கு வந்தபோது போன விலை 25 கினி. அதாவது 26 பவுண்டு 5 ஷில்லிங். பேல் கணக்கில் துணி வாங்குகிற நமக்கே அது அற்ப விலையாகத் தோன்றும்.

காம்ரேட்டின் சொந்தக்காரர் தெ செந்த் அலாரி. இவரே தம் பண்ணையில் பிறந்த 'க்சார்' என்ற குட்டியை ஏலத்தில் விற்றிருந்தார். விலை 1,51,000 பிராங்க். வாங்கியவர் எட்மண்ட் பிளான். 1920ல் பிளான் இறந்துவிட, அவர் மனைவியின் பெயரில் ஓடி, 1921, 1922 இரண்டு ஆண்டும் க்சார் ஆர்க்கை ஜெயித்தது. மலிவில் வாங்கியதும் ஜெயித்தது, கொட்டிக் கொடுத்து வாங்கியதும் ஜெயித்தது. க்சாருக்குப் பிறந்த 'டூர்பியோன்' என்ற குதிரை, நான் முதலில் சொன்ன ஜவுளிக்காரரின் லாயத்தில் வளர்ந்தது.

அவர் பெயர் மார்செல் பூசாக். 1889ல் பிறந்தவர், துணி வியாபாரக் குடும்பம். முதல் போர் முடிந்ததும், விமான இறக்கைகளுக்கென்று நெய்த துணி ராணுவக் கிடங்குகளில் மலைபோலத் தேங்கிக் கிடந்தது. போர் முடிந்தபின் யாருக்கு வேண்டும் அது? பூசாக் அதை மலிவாக வாங்கிச் சட்டையாகவும் வேலை உடுப்பாகவும் தைத்தார். 'விமானத் துணி' என்ற பெயரிலேயே கடைகள் திறந்து விற்றார். நம் தொழிலில் இதைவிடக் கெட்டிக்காரக் கொள்முதலை நான் கேள்விப்பட்டதில்லை. பிறகு வோஜ் மலைப் பகுதியில் பஞ்சாலைகள், நெசவாலைகள் என்று வாங்கிக் குவித்து, 'பருத்தி ராஜா' என்று பேர் வாங்கினார். 1946ல் கிறிஸ்தியன் டியோர் என்ற தையல் கலைஞருக்கு முதல் போட்டுக் கடை வைத்துக்கொடுத்தவரும் இவரே.

லாபத்தில் பெரும் பகுதி குதிரைக்குப் போயிற்று. ஆரஞ்சுச் சட்டை, சாம்பல் நிறத் தொப்பி அவருடைய அடையாளம். 'கொரிடா' என்ற பெண் குதிரை 1936, 1937 இரண்டு ஆண்டும் ஆர்க்கை ஜெயித்தது. 1939, 1940ல் போரால் பந்தயம் இல்லை. அவருடைய மிகச் சிறந்த குதிரையான 'ஃபாரி'யை ஜெர்மானியர் 1940ல் பிடித்துக்கொண்டு போனார்கள். போர் முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைத்தது. ஆக்கிரமிப்புக் காலத்திலும் பந்தயம் ஓடியது. 1943, 1944ல் லாங்ஷாமுக்குப் பதிலாக த்ரெம்பிளே மைதானத்தில் 2300 மீட்டராக நடந்தது. 1942, 1944, 1946 ஆகிய மூன்று ஆண்டுகளும் பூசாக் குதிரைகளுக்கே வெற்றி.

1949ல் லாட்டரிச் சீட்டு விற்று ஆர்க்கின் பரிசைப் பல மடங்கு உயர்த்தினார்கள். பரிசு ஏறியதும் வெளிநாட்டார் பார்வை இங்கே திரும்பியது. இந்தப் பந்தயம் ஐரோப்பாவின் முதல் வரிசைக்கு வந்ததற்கு அந்த ஆண்டுதான் காரணம் என்பேன். ஜெயித்தது யார்? மறுபடியும் பூசாக்! குதிரையின் பெயர் 'கொரனேஷன்'. இது அவருக்கு ஆறாவது ஆர்க். மறு ஆண்டு இங்கிலாந்தின் டெர்பியும் அவர் கைக்கு வந்தது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். கொரனேஷனுக்குத் தகப்பன் வழிப் பாட்டனும் டூர்பியோன், தாய் வழிப் பாட்டனும் டூர்பியோன். வெளி ரத்தம் சேர்க்காமல் தம் லாயத்துக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்துப் பிறப்பித்தார். அது மின்னல்போல ஓடியது. ஆனால் உயிரோடு ஒரு குட்டிகூட ஈனவில்லை. தம் சரக்கைத் தாமே வாங்கித் தாமே விற்றுக்கொண்டிருந்தார் என்று சொன்னால் உங்களுக்குப் புரியும். 1950களின் கடைசியில் லாயம் சரியத் தொடங்கியது.

ஆலைகளிலும் அதே கதை. செயற்கை இழை வந்தது. காலனி நாடுகள் விடுதலை பெற்றன. அங்கே போய்க்கொண்டிருந்த பருத்தித் துணிக்குச் சந்தை சுருங்கியது. பூசாக் பழைய ஆலைகளைப் பழையபடியே ஓட்டினார். எண்பது வயதிலும் தாமே முடிவெடுத்தார். 1960களின் இறுதியில், லாபம் தந்துகொண்டிருந்த டியோர் வாசனைத் திரவியத் தொழிலை விற்கத் தொடங்கினார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1980களில் ஊரெல்லாம் டெரிகாட்டன் கேட்டபோது, என் தகப்பனார் லாங் கிளாத் கட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு, "பருத்தி திரும்பி வரும்டா" என்பார். வந்தது, ஆனால் பல வருஷம் கழித்து. அதற்குள் வட்டி கட்டியே கிடங்கு ஒன்றை விற்றோம். அவர் பேச்சை மீறி அரைப் பங்கு சரக்கை மாற்றியிருக்கலாம் என்று இன்றும் நினைப்பதுண்டு. அப்பாவிடம் யார் போய்ச் சொல்வது? பூசாக்கிடம் சொல்லவும் ஆள் இருந்திருக்காது.

1978ல் பூசாக் நிறுவனம் திவாலாகி நீதிமன்றத்துக்குப் போனது. ஆலைகளை வில்லோ சகோதரர்கள் எடுத்துக்கொண்டார்கள். குதிரைகளை ஆகா கான் மொத்தமாக வாங்கினார். நார்மண்டியில் இருந்த பண்ணை, கிரேக்கக் கப்பல் முதலாளி நியார்கோஸ் கைக்குப் போனது. 1980ல் பூசாக் காலமானார். 1984ல் பெர்னார்ட் அர்னோ என்ற இளைஞர் அந்த ஜவுளி நிறுவனத்தை வாங்கினார். அவருடைய கண் டியோரின் மேல்தான். பிற்பாடு உலகப் பெரும் பணக்காரர்களில் ஒருவராக அவர் ஆனதற்கு அடித்தளம் பூசாக்கின் மிச்சம்தான்.

பந்தயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒருவர் கல்லாவை நம்பி அது ஓடவில்லையே. குவியலிலிருந்து வரும் கழிவு ஒருபுறம். 1980களிலிருந்து ஓட்டல் நிறுவனங்களின் பணம் மறுபுறம். 2008 முதல் கத்தார் நாட்டுப் பணம். 2022ல் மொத்தப் பரிசு 50 லட்சம் யூரோ. மைதானத்தைப் புதுப்பித்தபோது 2016, 2017ல் பந்தயம் ஷாந்தியிக்குப் போய், 2018ல் லாங்ஷாமுக்குத் திரும்பியது. ஜப்பான்காரர்கள் இதை ஜெயிக்கப் பல ஆண்டுகளாக முயன்றும், 2025 வரை இரண்டாம் இடத்துக்கு மேல் வர முடியவில்லை.

பூசாக் லாயத்திலிருந்து ஆகா கான் வாங்கியவற்றில் 'லிகாட்டா' என்ற பெண் குதிரையும் ஒன்று. 1979ல் அது ஒரு பெண் குட்டி போட்டது. 'அகியதா' என்று பெயர் வைத்தார்கள். 1982ல் ஆகா கானின் பச்சைச் சட்டையோடு ஓடி, அது ஆர்க்கை ஜெயித்தது. பூசாக் இறந்து அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.