மலையடிவாரத்தில் ஒரு தபாலாபீஸ்

சொந்தச் சாவி – 9

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் என்ற மெயில் சர்வர் மென்பொருள்களையும் ஏற்றியதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். மென்பொருளுக்குப் பைசா செலவில்லை. சேந்தமங்கலத்தில், கொல்லிமலை தெரியும் ஜன்னலோரம், எனக்கே எனக்கென்று ஒரு தபாலாபீஸ்!

பக்கத்து வீட்டு அண்ணன் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். பார்த்ததும் கேட்டார்: “மாசத்துல ஒரு நாள் காலையில புடுங்குனா சாயந்தரந்தான் கரண்ட் வருது தம்பி. அன்னைக்கு வர்ற மெயிலெல்லாம்?”

எனக்கும் அந்தப் பயந்தான் இருந்தது. ஆனால் மின்னஞ்சல் பொறுமைசாலி. வாங்க ஆளில்லை என்றால் அனுப்பும் சர்வர் கடிதத்தை எறிந்துவிடாது. வரிசையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கதவைத் தட்டும். போஸ்ட்ஃபிக்ஸ் வழக்கமாக 5 நாள் வரை முயன்று பார்க்கும்.

வாங்குவது சுலபம். அனுப்புவதில்தான் மாட்டிக்கொண்டேன்.

வீட்டு இணைப்புகள் பலவற்றில் மெயில் வெளியேறும் 25ஆம் எண் வாசலை அடைத்தே வைத்திருப்பார்கள். ஒரே ஐபி முகவரியைப் பல வீடுகள் பங்குபோடும். நிலையான முகவரிக்குத் தனியாகப் பணம் கட்டினேன். அந்த ஐபி எண் யாருடையது என்று கேட்டால் என் டொமைன் பெயர் பதிலாக வர வேண்டும். அதை எழுதும் அதிகாரமோ இணைப்பு தருபவர் கையில். பிறகு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க். எந்த சர்வர் என் பெயரில் அனுப்பலாம், முத்திரை சரியா, சரியில்லாவிட்டால் என்ன செய்வது என்று மூன்று சாட்சிகள். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இந்த விஷயத்தில் இன்னும் கறார்.

எல்லாம் முடித்து, அண்ணனின் முட்டை பில் ஒன்றைப் பெங்களூரு வியாபாரிக்கு அனுப்பினேன். எதிர் சர்வர் ‘250’ என்றது. ஏற்றுக்கொண்டேன் என்று பொருள். இரண்டு நாள் கழித்து அண்ணன் வந்தார். “முட்டை போய்ச் சேந்துருச்சு, உன் மெயிலு போகலையாம்.” ஸ்பேமில் கிடந்தது. திரும்பி வந்திருந்தாலாவது தெரிந்திருக்கும். வாங்கி வைத்துக்கொண்டு ஓரமாகப் போட்டுவிட்டால் அனுப்பியவனுக்கு எப்படித் தெரியும்?

அப்படியானால் ஏன் இந்த வம்பு? 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் நயாரா எனர்ஜி மீது தடை விதித்தது. குஜராத்தின் வாடினாரில் ஆண்டுக்கு 2 கோடி டன் எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலை அதனுடையது. சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் அதன் மெயில் சேவையை நிறுத்தியது. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது, ரெடிஃபின் மெயிலுக்கும் மாறியது. மாதக் கடைசியில் சேவை திரும்பக் கிடைத்தது. அத்தனை பெரிய ஆலைக்கே இந்த கதி.

மத்திய அரசு ஊழியர்களின் சுமார் 12 லட்சம் மெயில் கணக்குகள் இப்போது ஸோஹோவின் தளத்தில் இயங்குகின்றன. ஆனால் முகவரியின் வால் அரசுடையதுதான். நாளை வேறு இடம் மாறினாலும் முகவரி மாறாது. எனக்கு வழி காட்டியது இதுதான். டொமைன் என்னுடையது, அனுப்பும் வேலையை மாதக் கூலிக்கு ஒரு நிறுவனத்திடம் விட்டுவிட்டேன். லேப்டாப் தினமும் இரவில் எல்லாக் கடிதங்களுக்கும் ஒரு நகல் எடுத்து வைக்கிறது. சர்வர்காரன் என்ற பட்டம் போனதில் கொஞ்சம் வருத்தம், அவ்வளவுதான்.

அண்ணனும் ஒரு டொமைன் வாங்கிவிட்டார். அதைப் புதுப்பிக்க மறந்தால் பெயரே போய்விடும் என்று சொல்லியிருந்தேன். பண்ணைக் காலண்டரில், கோழிகளுக்கு லசோட்டா தடுப்பு மருந்து போடும் தேதிக்குப் பக்கத்தில், சிவப்பு மையில் குறித்து வைத்திருக்கிறார்.

(தொடரும்)