பத்து முள், ஒன்பது கதிர்

கொல்லிமலைச் செம்மேட்டில் ஒரு ஞாயிறு காலை, இரு சக்கர வண்டியின் பின்னால் கட்டியிருந்த ஐஸ் பெட்டியிலிருந்து 1 கிலோ சங்கரா வாங்கினேன். தராசுத் தட்டில் 8 மீன் நின்றது; சராசரி எடை 125 கிராம். மிகப் பெரியது 22 செ.மீ., மிகச் சிறியது 18 செ.மீ. இளஞ்சிவப்பு உடல், பக்கவாட்டில் மங்கிய மஞ்சள் கோடுகள். பெட்டியில் வேறு அளவிலும் வேறு சிவப்பிலும் மீன் கிடந்ததைக் காட்டிக் கேட்டேன். “எல்லாம் சங்கராதானுங்கண்ணா” என்றார் விற்றவர். விலையும் ஒன்றுதான்.

வீட்டில் கழுவும் முன் துடுப்புகளை விரித்து எண்ணினேன். முதுகுத் துடுப்பில் 10 முள், அதையடுத்து 9 மென்கதிர். குதத் துடுப்பில் 3 முள், 7 மென்கதிர். எட்டு மீனிலும் இதே எண்ணிக்கை. நான்கில் வால் துடுப்பின் மேல்மடல் ஒரு மஞ்சள் இழையாக நீண்டிருந்தது. மற்ற நான்கில் அது ஒடிந்திருந்தது. 10 + 9, 3 + 7 என்பது நெமிப்டெரஸ் பேரினத்தின் கணக்கு. ஆங்கிலத்தில் ‘ரெட் ஸ்நாப்பர்’ என்று அழைக்கப்படும் செப்பிலி வகை லுட்ஜானஸ் பேரினத்தைச் சேர்ந்தது. அதில் கழிமுகச் செப்பிலியான லுட்ஜானஸ் ஆர்ஜென்டிமாகுலேட்டஸுக்கு முதுகில் 10 முள், 13 அல்லது 14 மென்கதிர். குதத் துடுப்பில் 3 முள், 8 மென்கதிர். முதுகில் 4 அல்லது 5 கதிரும், குதத்தில் 1 கதிரும் வித்தியாசம். பார்வைக்கு இரண்டும் சிவப்பு மீன். குடும்பமே வேறு.

இந்தப் பெயர்க் குழப்பம் நம் ஊரோடு நிற்பதில்லை. அமெரிக்காவில் ‘ரெட் ஸ்நாப்பர்’ என்ற பெயரில் விற்க ஒரே ஓர் இனத்துக்குத்தான் அனுமதி: மெக்சிகோ வளைகுடாவின் லுட்ஜானஸ் கம்பெச்சானஸ். அந்தப் பெயரில் அங்கே விற்ற மீன்களின் மரபணுவைச் சோதித்து 2004இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு, 77 சதவீதம் வேறு இனம் என்று கண்டது. மாதிரி சிறியது, பிழை எல்லையும் பெரியது. கீழ் எல்லையை எடுத்துக்கொண்டாலும் பாதிக்கு மேல். தமிழ்நாட்டில் சங்கரா என்ற சொல் நெமிப்டெரஸுக்கு உரிய பழைய பெயர்தான். அதை ‘ரெட் ஸ்நாப்பர்’ என்று மொழிபெயர்க்கும் உணவகப் பட்டியலில்தான் தவறு தொடங்குகிறது. கரையில் இரண்டையும் பிரித்துச் சொல்ல செப்பிலி என்ற சொல் இருக்கிறது. மலை ஏறும்போது அந்தச் சொல் கீழேயே தங்கிவிடுகிறது.

உலகச் செப்பிலிகளின் முழுக் கணக்கை 1985இல் ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண் நிறுவனத்துக்காக ஜெரால்ட் ஆலன் தொகுத்தார். குடும்பம் 1, பேரினம் 17, இனம் 103. இதில் லுட்ஜானஸ் பேரினத்தில் மட்டும் 65 இனம், மொத்தத்தில் 63 சதவீதம். இந்த 65 கடல்வாரியாகப் பிரிவது இப்படி: இந்தியப் பெருங்கடலும் மேற்கு, மத்திய பசிபிக்கும் சேர்ந்த பரப்பில் 39; மேற்கு அட்லாண்டிக்கில் 12; கிழக்கு பசிபிக்கில் 9; கிழக்கு அட்லாண்டிக்கில் 5. சதவீதத்தில் 60, 18.5, 13.8, 7.7.

நான்கையும் கூட்டினால் சரியாக 65. ஓர் இனமும் இரண்டு பத்தியில் எண்ணப்படவில்லை. இரண்டு பரப்புக்குப் பொதுவான இனம் ஒன்றுகூட இல்லை. பனாமா நிலப்பாலத்தின் கிழக்கே 12, மேற்கே 9, இரண்டுக்கும் பொது 0. அந்த நிலம் கடலை அடைத்து ஏறத்தாழ 30 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன என்பது இந்தச் சுழியத்துக்குப் பொருந்தி வருகிறது.

நம் பக்கத்து 39இல் பரவல் மிக அகலம். கழிமுகச் செப்பிலி கிழக்கு ஆப்பிரிக்காவில் தொடங்கி பசிபிக்கின் லைன் தீவுகள் வரை உண்டு. தீர்க்கரேகையில் ஏறத்தாழ 40 பாகை கிழக்கிலிருந்து 157 பாகை மேற்கு வரை, 163 பாகை; நிலநடுக்கோட்டை ஒட்டி 18,000 கி.மீ. பூமிச் சுற்றளவில் 45 சதவீதம். சூயஸ் கால்வாய் வழியாகக் கிழக்கு மத்தியதரைக் கடலுக்குள்ளும் இது புகுந்துவிட்டது. ஆனால் அதே பசிபிக்கில் ஹவாய் தீவுகளில் இயற்கையாக இருந்த லுட்ஜானஸ் இனம் 0. நீர் ஒத்துக்கொள்ளாததால் அல்ல என்பதற்கு எண் சான்று உண்டு. நீலக்கோட்டுச் செப்பிலியான லுட்ஜானஸ் கஸ்மிராவை 1950களின் இறுதியில் தொடங்கிச் சில ஆண்டுகளில் சுமார் 3,200 மீன் கொண்டுவந்து ஓவாஹு தீவில் விட்டார்கள். பெரும்பங்கு 1958இல் மார்க்கெசாஸ் தீவுகளிலிருந்து வந்தது. 1992க்குள் அது மிட்வே வரை போய்விட்டது. 34 ஆண்டில் 2,000 கி.மீ.க்கு மேல், ஆண்டுக்குச் சுமார் 60 கி.மீ. தடுத்து வைத்திருந்தது நடுவில் கிடந்த தூரம்தான் என்று கொள்ளலாம்.

இந்த மீன்களின் பெயர் வரலாற்றில் நம் கரைக்கு ஓர் இடம் உண்டு. ஆண்டுகளை வரிசையாக வைத்தால் தெரியும். 1771இல் தரங்கம்பாடிக்கு வந்து 1813இல் இறக்கும்வரை அங்கேயே இருந்த மிஷனரி கிறிஸ்டோஃப் சாமுவேல் யோன், கரையில் கிடைத்த மீன்களை பெர்லினில் இருந்த மீனியல் அறிஞர் மார்க்குஸ் ப்ளோக்குக்கு அனுப்பிவந்தார். 1792இல் ப்ளோக் ஒரு செப்பிலிக்கு அவர் பெயரை வைத்தார்: இன்றைய லுட்ஜானஸ் ஜோனியை. செம்மேட்டிலிருந்து தரங்கம்பாடி நேர்க்கோட்டில் ஏறத்தாழ 165 கி.மீ. அடுத்தது 1849. விசாகப்பட்டினத்து மீன்களைப் பற்றி நூல் எழுதிய பேட்ரிக் ரஸ்ஸலின் பெயரில் மீனியல் அறிஞர் ப்ளீக்கர் இன்னொரு செப்பிலிக்கு லுட்ஜானஸ் ரஸ்ஸெல்லியை என்று பெயரிட்டார். 164 ஆண்டுகள் கழித்து, 2013இல், ஆலனும் அவருடைய இரு தோழர்களும் அந்த ஒரே பெயருக்குள் இரண்டு இனம் இருப்பதைக் காட்டினார்கள். ரஸ்ஸலின் பெயர் மேற்கு பசிபிக் இனத்துக்குப் போனது. இந்தியப் பெருங்கடல் இனம் லுட்ஜானஸ் இண்டிகஸ் ஆனது. விசாகப்பட்டினத்துக்காரரின் பெயரைத் தாங்கிய மீன் இன்று விசாகப்பட்டினத்து மீன் அல்ல. மீன் எதுவும் இடம் மாறவில்லை; எண்ணிக்கை மட்டும் 1 கூடியது. 1985இன் 103 இன்று 110ஐத் தாண்டியதில் இப்படிப் பிரித்து எண்ணியதற்கும் பங்கு உண்டு.

அகலத்தைவிட ஆழம்தான் எந்த மீன் எங்கே என்பதைத் துல்லியமாகச் சொல்கிறது. கொல்லிமலைக்காரர்களுக்கு ஆழத்தை விளக்க நல்ல அளவுகோல் ஒன்று உண்டு: 70 கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்திலிருந்து ஏறும் உயரத்தை ஏறத்தாழ 1,000 மீட்டர் என்று கொண்டால் வளைவுக்குச் சராசரியாக 14 மீட்டர். மலை உச்சியைக் கடல் மட்டமாக வைத்து, வளைவுகளை மேலிருந்து கீழாக எண்ணிக்கொண்டு இறங்குவோம். பாக் நீரிணையின் பெரும்பகுதி 15 மீட்டருக்கு உட்பட்ட ஆழம். ஒரே வளைவில் தரை தட்டிவிடும். கரும்புள்ளிச் செப்பிலியான லுட்ஜானஸ் ஃபுல்விஃப்ளாம்மா 35 மீட்டர் வரை, இரண்டரை வளைவு. யோனின் பெயர் தாங்கியது 80 மீட்டர், 6 வளைவுக்குச் சற்றுக் குறைவு. கழிமுகச் செப்பிலி 120 மீட்டர், 9ஆம் வளைவு. லுட்ஜானஸ் செபே 180 மீட்டர், 13ஆம் வளைவு. ஹவாயில் பரவிய கஸ்மிரா 265 மீட்டர், 19ஆம் வளைவு. எடெலிஸ் கார்பன்குலஸ் என்னும் ஆழ்நீர் வகை 90 மீட்டரில்தான் தொடங்கி 400 மீட்டர் வரை போகிறது. 7ஆம் வளைவில் தலைகாட்டி 29ஆம் வளைவில் முடிகிறது. அதற்குக் கீழே 41 வளைவு பாக்கி. அங்கே இந்தப் பட்டியலில் உள்ள எதுவும் இல்லை.

இதே சாலையில் அடிவாரத்து முட்புதர் மாறி மேலே மிளகும் காப்பியும் சில்வர் ஓக்கும் வருவதை வளைவு எண்ணைச் சொல்லியே நம்மவர்கள் அடையாளம் காட்டுவார்கள். கடலுக்கும் அதே முறை செல்லும். செம்மேட்டுக்கு நேர்க்கோட்டில் மிக அருகில் உள்ள கடல் மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம் பக்கத்துப் பாக் நீரிணை; ஏறத்தாழ 150 கி.மீ. தூத்துக்குடி 280 கி.மீ. அருகில் இருப்பது ஒரு வளைவு ஆழக் கடல். தொலைவில் உள்ள மன்னார் வளைகுடாவோ தெற்கே 1,000 மீட்டரைத் தாண்டி இறங்குகிறது; மேலே சொன்ன எல்லா ஆழப் படிகளும் அதற்குள் அடங்கும். தூரம் 130 கி.மீ. கூடினால் கிடைக்கக்கூடிய படிகள் ஒன்றிலிருந்து 29 ஆகின்றன.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. பரப்பு 560 சதுர கி.மீ. 1989இல் அதைச் சுற்றி அமைந்த உயிர்க்கோளக் காப்பகம் 10,500 சதுர கி.மீ. கறாரான காப்பு உள்ளது 5.3 சதவீதத்துக்கு. கொல்லிமலையின் பரப்பு சுமார் 280 சதுர கி.மீ.; பூங்கா இரண்டு கொல்லிமலை. தீவுகளைச் சுற்றிய பவளப்பாறை சில மீட்டர் ஆழத்தில் இருப்பது. ஃபுல்விஃப்ளாம்மாவுக்கும் கஸ்மிராவின் இளம் மீனுக்கும் அது போதும். 13ஆம் வளைவுக்காரரான செபேயின் ஆழ எல்லையில் பெரும்பங்கு பூங்காவுக்கு வெளியேதான் விழுகிறது.

கன்னியாகுமரிக்குத் தெற்கே 200 மீட்டருக்கு உட்பட்ட ஆழமுள்ள வாட்ஜ் பேங்க் மேட்டின் மதிப்பை ஓர் ஒப்பந்த எண்ணே காட்டும். கலவாவுக்கும் செப்பிலிக்கும் பேர்போன இந்த மேடு இந்தியாவுக்கு என்று 1976இல் முடிவானபோது, இலங்கைக் கப்பல்கள் 6க்கு மிகாமல், ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மிகாமல், 3 ஆண்டு மட்டும் பிடிக்க இடம் தரப்பட்டது. மொத்தம் அதிகபட்சம் 6,000 டன். கப்பலுக்கு ஆண்டுக்கு 333 டன்.

இனி ஆழத்தின் மறுமுனை. கழிமுகச் செப்பிலியின் குஞ்சு கடலில் வளர்வதில்லை. அலையாத்திக் காட்டு ஓடைகளிலும், சில சமயம் நன்னீர் வரை ஏறியும் முதல் சில ஆண்டுகளைக் கழித்துவிட்டு, பிறகே 120 மீட்டர் வரையான கடலுக்குப் போகிறது. பிச்சாவரம் அலையாத்திப் பரப்பு சுமார் 1,100 ஹெக்டேர், 51 திட்டுகள். அதில் 50 சதவீதம் காடு, 40 சதவீதம் நீரோடை, மீதி 10 சதவீதம் மணலும் சேறும். குஞ்சு நீந்தக் கிடைப்பது 40 சதவீதமான 440 ஹெக்டேர், அதாவது 4.4 சதுர கி.மீ. கொல்லிமலையில் 64இல் ஒரு பங்கு.

இந்த 440 ஹெக்டேருக்கும் செம்மேட்டுக்கும் தொடர்பு உண்டு. மலையில் பிறந்து ஆகாயகங்கையாக விழும் ஐயாறு திருச்சி மாவட்டத்தில் காவிரியோடு சேர்கிறது. பிச்சாவரம் இருப்பது வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே. வழியில் வயல்கள் எடுத்துக்கொண்டது போக மலையின் மழைநீர் எத்தனை பங்கு அங்கே சேரும் என்று கணக்கிட முடியாது. வெள்ள மாதங்களில் ஒரு பங்கு சேர்கிறது என்பது வரை சொல்லலாம். உப்பும் நன்னீரும் கலக்கும் விகிதம்தான் அலையாத்தியை வாழவைக்கிறது. அறப்பளீஸ்வரர் கோயிலடியில் ஐயாற்று மீனைப் பிடிக்காமல் பொரி போட்டு வளர்க்கும் வழக்கம் நமக்கு உண்டு. அதே தண்ணீர் கீழே இன்னொரு மீனையும் வளர்க்கிறது என்று எண்ணும்போது எனக்கு அந்த ஆற்றின் மேல் பிரியம் கூடுகிறது.

எஞ்சியிருப்பது வயதுக் கணக்கு. ஆஸ்திரேலியப் பெரும் பவளத்திட்டில் லுட்ஜானஸ் போஹார் 50 ஆண்டைத் தாண்டி வாழ்கிறது. பெண் மீன் முதிர்வதற்குச் சராசரியாக 9 ஆண்டுக்கு மேல் ஆகிறது. நம் கடலிலும் இந்த இனம் உண்டு. வெப்பத்துக்கு ஏற்ப வயது சற்று மாறலாம். 9 ஆண்டு என்பது 3,285 நாள். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் விசைப்படகுத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். 9 ஆண்டில் 549 நாள் தடை. 2,736 நாள் திறந்த கடல். முதல் முட்டை இடும் முன் அந்த மீன் 83 சதவீத நாளை வலைக்கும் தூண்டிலுக்கும் தப்பிக் கழிக்க வேண்டும். நெமிப்டெரஸ் சங்கரா ஓராண்டை ஒட்டியே முதிர்ந்துவிடும். அதற்கும் தப்ப வேண்டிய விகிதம் அதே 83 சதவீதம்தான். ஆனால் நாள் கணக்கில் 304. ஒரே தடை; ஒன்றுக்கு 304 நாள், மற்றதற்கு 2,736. இரண்டையும் ஒரே பெயரில் எடை போட்டால் இந்த 9 மடங்கு கண்ணில் படாது.

மூன்று வாரம் கழித்து அதே பெட்டியில் ஒரு மீன் மட்டும் தனியாகத் தெரிந்தது. செம்பு நிறம், பெரிய செதில், மேல்தாடையில் இரண்டு கோரைப்பல். எடை 480 கிராம், நீளம் 31 செ.மீ. முதுகில் 10 முள், 14 கதிர். குதத்தில் 3 முள், 8 கதிர். கழிமுகச் செப்பிலி. அதைப் பெயர் சொல்லிக் கேட்டேன். “அது கொஞ்சம் கெட்டியான சங்கராங்க” என்று அதே விலைக்கு நிறுத்தார். இந்த இனம் முட்டையிடும் பருவத்தை எட்டுவது 50 செ.மீ.ஐ ஒட்டி. இன்னும் 19 செ.மீ. இருந்தது.