வீட்டிலிருந்தே வாணிகம்: ஒரு கணக்கு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

“வேலைக்காக அலைய வேண்டாம், கடை வேண்டாம், பெரிய முதலும் வேண்டாம். வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம்!” இவ்வழைப்பைக் கேளாத மாணவர் நம் கல்லூரியில் அரிது. அழைப்பவரும் அயலார் அல்லர். உறவினராகவோ, நமக்கு முன் படித்துச் சென்ற அண்ணனாகவோ இருப்பார். ‘நெட்வொர்க் மார்க்கெட்டிங்’ எனப்படும் இவ்வாணிகத்தில் வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருவகை வாணிகம்

பெயர்பெற்ற நிறுவனத்தின் பெயரையும் தொழில் முறையையும் கட்டணம் செலுத்திப் பெற்று, நாமே கடை நடத்துவது ‘பிரான்சைஸ்’. 1955-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ரே கிராக் என்பவர் தொடங்கிய மெக்டொனால்ட்ஸ் உணவகம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஆனால் கட்டணம், கடைக்கு முன்பணம், வாடகை, ஆள் கூலி என்று செலவுகள் அடுக்கடுக்காக வரும். கூலி வேலை செய்யும் குடும்பத்திற்கு இஃது எட்டாக்கனி.

இங்கேதான் நெட்வொர்க் வாணிகம் ஆசை காட்டுகிறது. பொருளை வாங்கி, அறிந்தவர்களிடம் விற்கலாம். மேலும் சிலரை விற்பனையாளராகச் சேர்த்தால், அவர்கள் விற்பனையிலும் ஒரு பங்கு நமக்கு உண்டு. அமெரிக்காவில் 1940-களில் நியூட்ரிலைட் என்னும் சத்துப் பொருள் இம்முறையில் விற்கப்பட்டது. அதை விற்றுவந்த ரிச் டெவோஸ், ஜே வான் ஆண்டெல் என்னும் இரு நண்பர்களே 1959-இல் ஆம்வே நிறுவனத்தைத் தொடங்கினர்.

அக்காவின் பரண்

எங்கள் தெருவில் ஓர் அக்கா, காதுத் தோட்டை அடகு வைத்து இப்படி ஒரு தொழிலில் சேர்ந்தார். ஆறு பேரைச் சேர்க்கச் சொன்னார்கள். இரண்டு பேரே கிடைத்தனர். சோப்பும் பற்பசையும் இன்றும் அவர் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. சேர்ந்த உறவினர் இருவரும் இப்போது அவர் வீட்டுப் படி ஏறுவதில்லை. “உங்களுக்கு உழைப்புப் போதாது” என்றார் அவரைச் சேர்த்தவர். அக்காவும் அதை நம்பிவிட்டார். ஆனால் கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது.

பெருக்குத் தொடர்

ஒருவர் ஆறு பேரைச் சேர்க்கிறார். அவ்வாறு பேரும் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்க்கின்றனர் என்று கொள்வோம். 6, 36, 216, 1,296 என்று பெருகிப் பத்தாம் நிலையில் 6,04,66,176 பேர் இருப்பர். முதல்வரையும் சேர்த்து மொத்தம் 7,25,59,411. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படித் தமிழ்நாட்டின் மக்கள் 7,21,47,030. அன்று தொட்டிலில் கிடந்த குழந்தையைச் சேர்த்திருந்தாலும் பத்தாம் நிலைக்கு ஆள் போதியிராது!

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இத்தொடர் எந்த நிலையில் நின்றாலும், ஆறில் ஐந்து பங்குக்கு மேற்பட்டோர் கடைசி வரிசையில்தான் இருப்பர். அவர்களுக்குக் கீழே ஒருவரும் இல்லை. எல்லோரும் இரவு பகலாக உழைத்தாலும் இவ்விகிதம் மாறாது. பிரான்சைஸ் கடைக்காரர் தம் வாடிக்கையாளரையே போட்டிக் கடைக்காரராக மாற்ற வேண்டியதில்லை. இங்கோ அதுவே தொழிலாகிவிடுகிறது.

சட்டம் கூறுவது

அப்படியாயின் இவை எல்லாமே மோசடியா? அன்று. 1979-இல் அமெரிக்க வாணிக ஆணையம் ஆம்வே வழக்கில், ஆள் சேர்ப்பதற்காகப் பணம் தரப்படவில்லை என்பதாலும், பொருள்கள் உண்மையான வாடிக்கையாளரைச் சென்றடைய விதிகள் இருந்தமையாலும், அது பிரமிடுத் திட்டம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. எனினும் வருமானத்தை மிகைப்படுத்திக் கூறியதைக் கண்டித்தது.

நம் நாட்டில், ஆள் சேர்ப்பதைக் கொண்டு பணம் சுழற்றும் திட்டங்களை 1978-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 2021-இல் வந்த நேரடி விற்பனை விதிகளின்படிச் சேர்க்கைக் கட்டணம் வாங்கக்கூடாது. ஆள் சேர்த்ததற்காக ஊதியம் தரவும் கூடாது.

மூன்று கேள்விகள்

ஆகவே, அழைப்பு வந்தால் மூன்று கேள்விகள் கேட்போம். சேரப் பணம் கட்ட வேண்டுமா? வருமானம் பொருளை விற்பதால் வருகிறதா, ஆளைச் சேர்ப்பதால் வருகிறதா? இத்திட்டத்தில் சேராத ஒருவர், இவ்விலைக்கு இப்பொருளைக் கடையில் வாங்குவாரா? மூன்றாவது கேள்விக்கு ‘ஆம்’ என்ற விடை கிடைத்தால் மட்டுமே அது வாணிகம்.

வகுப்பில் பெருக்குத் தொடர் நடத்திய அன்று மாலையே நான் அந்த அக்காவிடம் சென்று, சிலேட்டில் இக்கணக்கைப் போட்டுக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, “அப்ப என் மேல தப்பு இல்லையா?” என்று கேட்டார். இல்லை என்றேன். படித்த நாம், தெருவுக்கு ஒருவராவது இக்கணக்கைப் போட்டுக் காட்டினால், பல வீட்டுத் தோடுகள் அடகுக் கடைக்குப் போகாமல் காதிலேயே இருக்கும்.